பிள்ளைப் பிணியும் தாய்க்குப் போதனையும்

(செவிலியர் மாணவியரும் தாய்மார்களும் கூடியிருந்த அவையில், செவிலியர் பயிற்சி ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் நோய்களில் செவிலியரின் கடமை யாது என்பதைப் பற்றிப் பேசும்படி மன்றத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். ஜுரம், பேதி, இருமல், அம்மை என்னும் இவை எட்டிப் பாராத வீடு நம் நாட்டில் இல்லை. ஆனால் இவற்றுக்காக வைத்தியசாலையில் படுக்கவேண்டிய குழந்தைகள் மிகச் சிலரே. டாக்டர் சில நிமிஷங்களில் பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்து, அனுப்பிவிடுகிறார். அதற்குப் பின் வரும் இரவுகளில் அந்தக் குழந்தைக்கு என்ன நேரும் என்பது, தாயின் கையிலும், அவளுக்குப் பின்னால் நின்று 'அதைக் கொடுக்காதே, இதைக் கொடு' என்று சொல்லிக்கொண்டிருக்கும் மாமியாரின் வாயிலும்தான் இருக்கிறது. ஆகவே இந்நோய்களைப் பொறுத்தவரை உண்மையான செவிலி தாயே என்பதும், சம்பளம் வாங்கும் செவிலியராகிய நாம் அவளுக்குக் கற்பிக்க வந்தவர்கள் என்பதும், அந்தக் கற்பித்தல் சிகிச்சை முடிந்தபின் அவகாசம் இருந்தால் செய்யும் உபசாரம் அன்று, சிகிச்சையின் பிரதானமான பாகமே அதுதான் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இது புதிய கருத்தன்று. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் செவிலியத்தைப் பற்றித் தம் புகழ்பெற்ற சிறு நூலை வெளியிட்டபோது, அது செவிலியர்க்குப் பாடநூல் அன்று என்றும், பிறருடைய தேக நலத்தைப் பேணும் பொறுப்பு எந்தப் பெண்மணிக்கு வாய்த்தாலும் அவளுக்கு யோசனை தரவே எழுதியது என்றும் முன்னுரையிலேயே தெளிவாக்கிவிட்டார். வீட்டுப் பெண்களுக்காக எழுதிய அந்த நூலைப் பரீட்சைக்குரிய புத்தகமாக்கிப் பாடசாலைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டவர்கள் பின்னால் வந்த நாம்தான்.

பேதியிலிருந்து தொடங்குகிறேன், தாய்க்குக் கற்பிப்பதால் உயிர் பிழைக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. பேதியாகும்போது குடல் உப்பையும் நீரையும் வெளியே தள்ளுகிறது. அப்போது வெறும் உப்பு நீரைப் புகட்டினால் குடல் அதைச் சரிவர ஏற்பதில்லை. உப்போடு தக்க அளவு குளுக்கோஸ் சேர்ந்திருந்தால், குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்ளும் குடற்சுவர் கூடவே உப்பையும் எடுத்துக்கொள்கிறது, உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. காலரா போன்ற கொடிய பேதியிலும் குடலுக்கு இந்தச் சக்தி அழிவதில்லை என்பதே 1960-களில் விளங்கிய பெரிய உண்மை. 1968-இல் டாக்கா காலரா ஆராய்ச்சிச் சாலையில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்னும் இரு இளம் மருத்துவர்கள், வாய்வழியாகக் கொடுக்கும் இந்தக் கரைசலைக் கொண்டே காலரா நோயாளிகளைத் தேற்றலாம் என்று காட்டினார்கள். ஆயினும் பயிற்சி பெற்ற மருத்துவர்களின் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்கத்தக்கது அது என்ற எண்ணம் நீங்கவில்லை.

அந்த எண்ணத்தை உடைத்தது 1971. கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் எல்லையைக் கடந்து வந்து குவிந்த வேளையில், பன்காவ் என்னும் ஊரில் காலரா பரவிற்று; நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை; இருந்த சிலவற்றையும் ஏற்றுவதற்குப் போதிய கைகள் இல்லை. டாக்டர் திலீப் மகலநாபிஸ் வேறு கதி இல்லாத நிலையில் ஒரு துணிவான காரியம் செய்தார். உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை நிறுத்துப் பொட்டலமாக்கி, பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளியின் தாயையும் தமக்கையையும் கணவனையும் அழைத்து, 'குடம் இதோ, குவளை இதோ, விடாமல் புகட்டுங்கள்' என்று ஒப்படைத்துவிட்டார். நூற்றுக்கு முப்பது பேர் மடிந்துகொண்டிருந்த முகாமில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடையே சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. கரைசலின் மகிமையை எல்லோரும் பேசுகிறார்கள். அதைப் புகட்டிய கைகள் எவருடையவை என்பதை நாம் பேசவேண்டும். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இலான்செட் என்ற வைத்தியப் பத்திரிகை 1978-இல் இதனை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான வைத்திய முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதிற்று. மகலநாபிஸ் 2022-இல் மறைந்த பின்னரே நம் அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தது; இதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை.

முகாமில் நடந்ததை வீடுதோறும் நடத்த முடியுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை கண்டவர்கள் வங்காள தேசத்தின் பிராக் என்னும் ஸ்தாபனத்தார். அந்நாளில் கிராமங்களில் பொட்டலம் கிடைக்காது. ஆனால் உப்பும் வெல்லமும் எந்தக் குடிசையிலும் இருக்கும். மூன்று விரல் நுனியில் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று அளவைக் கைக்கும் விரலுக்கும் அடக்கிவிட்டார்கள். கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து, ஊர் ஊராக, வீடு வீடாக அனுப்பினார்கள். போய்ப் பேசிவிட்டு வருவது அவர்கள் வேலை அன்று. தாயின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, அவள் வீட்டுப் பாத்திரத்திலேயே அரைச் சேருக்கு அடையாளமிட்டு, அவள் கையாலேயே கலக்கச் செய்து, நினைவில் வைக்கவேண்டிய சில செய்திகளை அவள் வாயாலேயே சொல்லச் செய்துவிட்டுத்தான் அவர்கள் எழுந்திருக்க வேண்டும். 1980 தொடங்கிப் பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அவர்கள் இப்படிப் போனார்கள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது அவர்கள் சம்பளம் கொடுத்த முறை. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்டுக் கூலி கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் அவ்வீடுகளில் சிலவற்றுக்குச் சென்று, அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, அவள் கலக்கும் நீர் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பார். கலந்த நீரைப் பரிசோதனைச் சாலைக்கும் அனுப்பிப் பார்ப்பார்கள். தாய் நன்றாகக் கற்றிருந்தால் கற்பித்தவளுக்கு அதிகக் கூலி, அரைகுறையாகக் கற்றிருந்தால் குறைந்த கூலி. கற்பவள் கற்கவில்லை என்றால் கற்பித்தவள் கற்பிக்கவில்லை என்று துணிந்து கணக்கெழுதிய இந்த ஏற்பாட்டை நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் வைத்தியசாலைகளிலும் புகுத்தினால் எத்தனை பேர் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.

அவ்வளவு செய்தும் ஒரு முட்டுக்கட்டை நின்றது. தாய்மார் எல்லாவற்றையும் ஒப்பித்தார்கள், சரியாகக் கலந்தும் காட்டினார்கள். ஆனால் குழந்தைக்குப் பேதி கண்டபோது கொடுத்தவர்கள் மிகக் குறைவு. விசாரித்துப் பார்த்தபோது, கற்பிக்கப் போன பெண்களுக்கே அந்த உப்பு வெல்ல நீரில் பூரண நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. தம் வீட்டில் பேதி வந்தால் அவர்களே மாத்திரையைத் தேடினார்கள். ஆண்களோ, தங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்த காரியம் என்று ஒதுங்கி நின்றார்கள். பிறகு பயிற்சியை மாற்றி, அந்தப் பணிப்பெண்களை டாக்காவுக்கு அழைத்துச் சென்று கரைசலால் நோயாளிகள் தேறுவதைக் கண்ணாரக் காணச் செய்தார்கள். ஆண்களையும் மசூதியிலும் சந்தையிலும் கூட்டிப் பேசினார்கள். அதன் பிறகே வழக்கம் வேரூன்றிற்று. தனக்கே நம்பிக்கை இல்லாத மருந்தை ஒருத்தி எவ்வளவு இனிமையாக எடுத்துச் சொன்னாலும், கேட்கும் தாய்க்கு அது தெரிந்துவிடுகிறது.

இனி நம் வார்டுக்கு வருவோம். பேதி தணிந்து வீடு திரும்பும் குழந்தையின் தாயிடம் நாம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொடுத்து, "கலக்கத் தெரியும் இல்லையாம்மா?" என்று கேட்கிறோம். "தெரியுங்க சிஸ்டர்" என்கிறாள். தெரியாது என்று சொன்னால் பின்னால் நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் எவளும் 'தெரியும்' என்றுதான் சொல்வாள். அதே தாயிடம், "வீட்டுக்குப் போனதும் எப்படிக் கலப்பீங்க, சொல்லுங்கம்மா" என்று கேட்டுப் பாருங்கள். "புள்ள கேக்கறப்பல்லாம் ஒரு டம்ளர் தண்ணில கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கலக்கிக் குடுப்பேங்க" என்பாள். விஷயம் வெளியே வந்துவிட்டது. ஒரு லிட்டர் நீருக்கென அளந்து வைத்த தூளை டம்ளரில் கொட்டினால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்கு; நீரைக் கூட்டினால் பயன் இல்லை. ஒரு லிட்டர்த் தண்ணீர் பாட்டில் இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. பெரிய பாக்கெட் முழுவதையும் அந்த ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், இருநூறு மில்லிக்குரிய சிறிய பாக்கெட்டும் கடையில் உண்டாகையால் மேலே அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் நிறுத்திவிடுவது தாய்மாரின் வழக்கம். பத்து நிமிஷம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாக மெதுவாகக் கொடுக்க வேண்டும் என்பதை அவள் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாய்ப்பாலையும் ஆகாரத்தையும் நிறுத்தக் கூடாது. கூடவே கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற அன்றே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பதினான்கு நாளும் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் பேதி திரும்ப வருவது குறையும் என்ற காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் கொடுக்கிறார்கள். காரணம் அறியாத கட்டளை வைத்தியசாலை வாசலைத் தாண்டுவதில்லை.

இடையில் ஒன்று. கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் பல, ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கிக்கொண்டு வெகு காலம் தாய்மாரை ஏமாற்றி வந்தன. சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அவற்றின் மேல் அச்சிடக் கூடாது என்று உத்தரவிட்டது. இதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

நம் வீடுகளில் பாட்டிமார் 'உச்சிக்குழி விழுந்துவிட்டது' என்று சொல்லி, எண்ணெய் வைத்து அதைத் தூக்கிவிட ஆள் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டியின் கண் பொய் சொல்லவில்லை. கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்ளே குழிவது தேகத்தில் நீர் வற்றியதன் அடையாளமே. கண்டறிந்தது சரி, பரிகாரம்தான் வேறு. "பாட்டி, நீங்க பார்த்தது ரொம்பச் சரி, உடம்புல தண்ணி வத்திப்போனாத்தான் இப்படிக் குழியும், தண்ணி உள்ளே போனா அதுவே மேலே வந்துடும்" என்று சொல்லும் செவிலிக்கு அந்த வீட்டில் ஒரு துணைவி கிடைக்கிறாள், 'மூடநம்பிக்கை' என்று சீறுபவளுக்கு ஒரு விரோதி கிடைக்கிறாள். ஆனால் தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவதாகச் சொல்லிக் குழந்தையைத் தலைகீழாகப் பிடிப்பது, சூடு போடுவது, சளிக்கென்று மூக்கில் எண்ணெய் விடுவது ஆகியவற்றில் தாட்சண்யத்துக்கு இடமில்லை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அங்கே வீக்கத்தை உண்டாக்கும். பிறந்த சிசுவுக்குச் சேனை தொட்டு வைக்கத் தேன் எடுப்பதும் அப்படியே. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனில் இருக்கக்கூடிய கிருமியால் தசைகள் தளர்ந்து மூச்சே நிற்கும் அபாயம் உண்டு.

ஜுரத்தைப் பற்றித் தாய்மாருக்கு இருக்கும் பயம் அளவிறந்தது. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு ஜுரம் கண்டால் அந்தப் பயம் நியாயமானதே. தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும். மற்றக் குழந்தைகளுக்குத் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைவிடக் குழந்தையின் முகமே முக்கியம். குடிக்கிறதா, விளையாடுகிறதா, கூப்பிட்டால் பார்க்கிறதா என்பதைக் கவனிக்கக் கற்றுக்கொடுங்கள். கம்பளியால் மூடுவதும் வேண்டாம், ஐஸ் தண்ணீர் ஒற்றுவதும் வேண்டாம். மெல்லிய ஆடையும் தாராளமான நீரும் போதும். மருந்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பாராசிட்டமால் என்ற ஒரே மருந்து நம் கடைகளில் மூன்று பலத்தில் விற்கிறது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 5 மில்லியில் 125 உள்ள சிரப்பில் அது 6 மில்லி, 250 உள்ள சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. 'போன தடவை இவ்வளவு கொடுத்தோம்' என்று பாட்டிலை மாற்றிவிட்டு அதே அளவைக் கொடுத்தால், மருந்து இரட்டிப்பாகவோ நான்கு மடங்காகவோ ஆகிவிடும். ஆகவே தாய் தன் வீட்டில் இருக்கும் பாட்டிலைக் கொண்டுவர வேண்டும். அதில் வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ நம் கண்முன் அவள் அளந்து காட்ட வேண்டும். சமையலறைக் கரண்டி எந்த அளவுக்கும் உதவாது. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேலும், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேலும் கொடுக்கலாகாது. ஆஸ்பிரின் குழந்தைக்கு ஆகவே ஆகாது.

ஜுரத்தில் வரும் வலிப்பு, ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருவது. பார்ப்பதற்குப் பயங்கரமாயினும் பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானே நின்று, பின்விளைவின்றிப் போய்விடுவது. அப்போது வீட்டில் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார்கள். பற்களுக்கிடையே கரண்டியைச் செருகுகிறார்கள். வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கையில் வைக்கும் சாவியால் குழந்தைக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. வாயில் திணிப்பதால் பல் உடையும், ஊற்றும் நீர் மூச்சுக்குழலில் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துத் துணியைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்ப்பதே செய்யத்தக்கது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். முதல் வலிப்பானால் நின்றபின்னும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வதில் இன்னொரு பயனும் உண்டு: பதற்றத்தில் தவிக்கும் தகப்பனாருக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

இருமலுக்கு வருவோம். மார்ச்சளி நியுமோனியாவாக மாறுகிறதா என்பதை ஸ்டெதாஸ்கோப் இல்லாமலே தாய் கண்டுகொள்ள முடியும். அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும் வேளையில் சட்டையை உயர்த்தி, ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60-ம், ஒரு வயது வரை 50-ம், ஐந்து வயது வரை 40-ம், அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சை உள்ளே வாங்கும்போது விலாவின் கீழ்ப்பக்கம் குழிந்து போவதை நம் தாய்மார் 'நெஞ்சு இழுக்குது' என்பார்கள். அதைக் கேட்டவுடன் செவிலி மற்ற வேலையை விட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். சாதாரண இருமலுக்கு மருந்துக் கடைச் சிரப்பு அவசியமே இல்லை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராப் பகுதியில் விஷம் கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் மடிந்த செய்தியை நாம் படித்தோம். அந்த மருந்து நம் தமிழ்நாட்டில் தயாரானது என்பது நாம் மறக்கக்கூடாத அவமானம். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அத்தகைய மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்று மத்திய அரசின் சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குச் சிறிது தேனும், துளசி போட்ட வெந்நீரும், கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுமே போதுமானவை.

அம்மையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேப்பிலை பரப்பித் தனியறையில் வைத்து, வெளியாரை வராமல் தடுத்த நம் முன்னோர் ஏற்பாட்டைத் தொற்றைத் தடுக்கும் முறையாகவே எடுத்துக்கொள்ளலாம். அதைக் கெடுக்க வேண்டாம். ஆனால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று ஆகாரத்தைக் குறைப்பதும், மூச்சுத் திணறியும் வைத்தியசாலைக்கு வராதிருப்பதும் தவறு. தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பது கண்ணையும் உயிரையும் காக்கும்.

எந்த நோயானாலும், குழந்தை குடிக்க முடியாமல் போவது, உட்கொண்டது அத்தனையையும் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகிய நான்கில் ஒன்று கண்டாலும் நேரம் பார்க்காமல் வரவேண்டும் என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறியவேண்டும். ஒரு தாய்க்கு ஒரே வேளையில் பத்து விஷயங்களைச் சொல்லாதீர்கள். மூன்று சொல்லி, மூன்றையும் திரும்பக் கேளுங்கள். இந்த நான்கு அடையாளங்கள் மட்டும் அந்தக் கணக்கில் சேராமல் எப்போதும் சொல்லவேண்டியவை.

மாணவியரே, வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் 'தாய்க்கு ஆலோசனை கூறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இனிமேல் அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள். தாய் என்ன சொன்னாள், எதைச் செய்து காட்டினாள் என்று ஒரு வரி எழுதுங்கள். தாய்மார்களே, நாங்கள் அவசரத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தால் எங்களை விடாதீர்கள். "சிஸ்டர், நான் ஒருதரம் திரும்பச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று எங்களை நிறுத்தி வையுங்கள்.